சத்தம் போடாத கோளாறு

இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானைப் பக்கம் பழைய ஜீப் விற்பவர்கள் சொல்லும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "சின்னச் சின்ன வேலைதான் இருக்கு, செஞ்சா நல்லா ஓடும்." அந்தச் சின்ன வேலைகளையும் அவர்களே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். கிளட்ச் வழுக்குகிறது, புகை கொஞ்சம் வருகிறது, மூன்றாம் கியர் சில நேரம் தானாகக் கழன்றுவிடுகிறது, பின் அச்சில் ஒரு முனகல். வாங்க வந்தவர் இதைக் கேட்டுப் பயந்து திரும்பிப் போகிறார், இல்லையென்றால் இதையே காட்டி விலையை இறக்குகிறார். இரண்டு பேருமே கவனிக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை. விற்பவர் தானாகச் சொல்வது காதுக்குக் கேட்கும் கோளாறு; மறைக்க முடியாததால்தான் சொல்கிறார். அதைத் திருத்த என்ன செலவாகும் என்று இரத்தினபுரியில் ஒரு நல்ல மெக்கானிக் பாஸ் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். வாங்குவதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. அவை சத்தமே போடுவதில்லை.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி வயதானாலும் விலை குறையவில்லை, ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிய டபிள் கேப் ஒன்று சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கோ, சிங்கராஜ வனத்துக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் இளைஞருக்கோ எட்டாத உயரம். ஆகவே வேலை இருக்கிற பழைய லேண்ட் ரோவரும் மிட்சுபிசி ஜீப்பும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

வண்டிக்குக் கீழே குனிவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாலு சக்கர இழுவை நமக்கு உண்மையில் தேவையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள ஜீப், ஐந்து அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம், மழையில் ஊறிய செம்மண். எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 295 கிலோ அளவு விசை, வண்டியைக் கீழே இழுக்கிறது. சக்கரம் சேற்றில் உருள்வதற்கான தடையாக இன்னொரு 75 சேர்த்தால் 370. ஈரக் களிமண்ணில் டயரின் பிடி, அதன் மேல் அழுத்தும் எடையில் பத்துக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும் வண்டியில் அவற்றின் மேல் இருப்பது பாதி எடை. கிடைக்கும் பிடி 220. போதாது, சக்கரம் அதே இடத்தில் சுழலும். நாலும் தள்ளினால் 440. ஏறிவிடும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல், யாழ்ப்பாணத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு மழை பெய்யும் சிங்கராஜ அடிவாரத்தில், கொழுந்து மூட்டையோடு மண் ஏற்றத்தில் ஏற வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இறங்கும்போது கதை மாறுகிறது. பிரேக் எல்லா வாகனத்திலும் நாலு சக்கரத்தையும்தான் பிடிக்கிறது. சாதாரண வானுக்கும் 440, ஜீப்புக்கும் 440. அதிலும் இறக்கத்தின் இழுப்புக்கே 295 போய்விடும். வண்டியை நிறுத்த மிஞ்சுவது ஏறக்குறைய 145, சமதரையில் கிடைப்பதில் மூன்றில் ஒன்று. நாலு சக்கர இழுவை நம்மை ஏற்றிவிடும் இடங்கள் சிலவற்றிலிருந்து அதே வண்டியால் பத்திரமாக இறங்க முடியாது. லோ கியரில் போட்டு எஞ்சினின் தடையை நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து மெதுவாக இறங்குவதில் உதவி உண்டு. ஆனால் அது பொறுமையுள்ள சாரதிக்கு.

அதனால் பழைய ஜீப்பைப் பார்க்கும்போது ஏறும் திறனைச் சோதிப்பதற்கு முன் பிரேக் ஒயிலைத் திறந்து பார்ப்பேன். இருநூறு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் அந்த ஜீப் பிரேக்கால் மட்டுமே கட்டுப்படுத்தப்பட்டால், டிரம்களில் சேரும் வெப்பம் ஒன்பது லீட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. நூற்றுக்கு நாலு பங்கை நெருங்கும் அளவு நீர் கலந்த பிறகு அந்த எல்லை 140 பாகை. இறக்கத்தின் நடுவில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. வாசலில் நிற்கும் ஜீப்பில் இந்தக் கோளாறு எந்த அறிகுறியும் காட்டாது. நல்ல வேளையாக, ஒயிலை மாற்றும் செலவு அற்பம். ஆகவே இது வாங்காமல் விடுவதற்கான காரணமில்லை. வாங்கிய அன்றே, வீட்டுக்கு ஓட்டிப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

இனி இழுவைப் பகுதி. பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை, தேவைப்படும்போது மட்டும் லீவரைத் தள்ளி முன் சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும் வகை. அப்படிச் சேர்த்ததும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி இரும்பால் பூட்டப்பட்டுவிடும். திரும்பும்போது சக்கரங்கள் கேட்பதோ வேறு. 88 அங்குல லேண்ட் ரோவரின் பின் அச்சு ஐந்து மீற்றர் ஆரத்தில் வட்டமடித்தால் முன் அச்சு போகும் வட்டத்தின் ஆரம் 5.48 மீற்றர். ஒரு முழு வட்டத்தில் முன் சக்கரங்கள் மூன்று மீற்றர் கூடுதலாக ஓடியாக வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த கொங்கிரீட்டில் சறுக்க இடமில்லை. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளையும் கியர்ப் பற்களையும் முறுக்குகிறது. தோட்டப் பாதைகளுக்குக் கொங்கிரீட் வந்தது எல்லோருக்கும் நன்மைதான், ஆனால் லீவரைத் திருப்பி எடுக்க மறக்கும் சாரதியின் ஜீப்பில் இழுவையை இரு அச்சுக்கும் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு அல்ல.

வாங்குபவருக்கு இதிலிருந்து ஒரு செலவில்லாத சோதனை கிடைக்கிறது. சேறு இல்லாத இடத்தில் ஃபோர் வீலில் போட்டு, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, மெதுவாகச் சில அடிகள் மட்டும் நகர்த்திப் பாருங்கள். வண்டி முரண்டு பிடித்து, ஸ்டியரிங் கனத்து, யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கினால் சந்தோஷப்படுங்கள்: முன் சக்கரத்துக்கு இழுவை போகிறது. விவரம் தெரியாதவர் இதைக் கோளாறு என்று நினைத்து, வெண்ணெயாகத் திரும்பும் ஜீப்பைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த ஜீப்பில் முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்புகள் பூட்டப்படாமல் இருக்கலாம். பூட்டிய பிறகும் அப்படியே திரும்பினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது முன் ஷாஃப்ட்டையே யாரோ கழற்றிவிட்டார்கள். பிந்தியதைக் கண்டுபிடிக்கக் குனிந்து பார்த்தால் போதும். குனிந்து பார்ப்பவர்தான் குறைவு.

குனிந்ததும் பார்க்க வேண்டியது சேசி. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர் அடுத்த சில பத்திகளில் எதையாவது வாசிக்கட்டும்.

லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. பாதி உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் இரும்புத் தகடு பங்கீட்டில் கிடைத்தது; விமானத் தொழிற்சாலைகள் ஓய்ந்ததால் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணைக்கென்று யோசித்த வண்டிக்கு அலுமினியக் கலவையில் உடல் அமைந்தது அப்படித்தான். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியானது. இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே வருடம். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே வருடம்தான். துரைமார் லேண்ட் ரோவரில் மலையைச் சுற்றிவந்த காலத்தில், கொழுந்துக் கூடையைச் சுமந்து அதே பாதையில் நடந்தவர்களுக்கு நாடே இல்லை என்றிருந்தது. இன்று அந்த வண்டியின் பின்வந்த தலைமுறை ஒன்றை வாங்குவதா என்று லயத்துப் பிள்ளைகள் சிலர் யோசிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. அந்தத் திருப்தி தவறான ஜீப்பை வாங்க வைத்துவிடக்கூடாது.

அலுமினியம் உடலில் மட்டும். உடலைத் தாங்கும் சேசி, எஞ்சினுக்கும் சாரதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் இரண்டும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். கதவோரத்திலும் ஆணிகளைச் சுற்றியும் அந்தப் பொடியைக் காணலாம். அது அசிங்கம், ஆபத்தில்லை. ஆபத்து சேசிக்குள் நடப்பது. லேண்ட் ரோவரின் சேசி நாலு தகடுகளைப் பெட்டியாகச் சேர்த்து வெல்டிங் பண்ணியது. உள்ளே வெற்றிடம். அதற்குள் சேறும் நீரும் புகுந்தால் வெளியே வர வழி குறைவு. அதனால் அது உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. வெளியில் பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

மிட்சுபிசி ஜீப்புக்கு அலுமினிய உடலும் கிடையாது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமம் பெற்று 1953 முதல் 1998 வரை ஜப்பானில் செய்யப்பட்ட அந்த வண்டியை நம் நாட்டில் எல்லோரும் எஞ்சின் பெயராலேயே ஃபோர் டி.ஆர். ஃபைவ் என்று அழைக்கிறோம். 2,659 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின், கஷ்டம் தாங்கும். எஞ்சின் தாங்கும் அளவுக்குத் தரைத் தகடு தாங்குவதில்லை.

எல்லா ஊரிலும் இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. 1930களில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் செய்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும் வரை துரு மெதுவாகத்தான் வளர்கிறது, தாண்டியதும் சட்டென்று வேகமெடுக்கிறது. அந்த எல்லைக்கு மேல் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் ஒன்று நிலைத்துவிடுவதே காரணம். கலவானையில் காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்கும் நேரமே அபூர்வம். அதாவது நிறுத்தி வைத்திருக்கும் ஜீப்பும் ஒவ்வொரு இரவும் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. "ரெண்டு வருஷமா ஓடவே இல்ல, ஷெட்டுக்குள்ளதான் நின்னுச்சு" என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேயிலை மலைக்கே உரிய இன்னொரு பங்காளியும் இருக்கிறது: உரம். நீர் மட்டும் இருந்தால் துரு மெதுவாக வரும். உப்பு கலந்தால் நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தி வேலையைத் துரிதப்படுத்தும். கடலோர வாகனங்கள் சீக்கிரம் கெடுவது அதனால்தான். தேயிலைக்குப் போடும் கலவைகளில் பொட்டாசியத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டு. சமையல் உப்பின் நெருங்கிய உறவு. அமோனியம் சல்பேற்றும் இரும்புக்கு நண்பனல்ல. உர மூட்டையை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றி, மூட்டை கிழிந்து சிந்தியதைக் கூட்டித் தள்ளி, மழைத் தண்ணீர் அதைக் கரைத்துத் தகட்டு இடுக்குகளில் இறக்கிய வண்டி, கடலிலிருந்து எத்தனை மைல் தள்ளியிருந்தாலும் கடற்கரை வண்டிதான். எனவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதல்ல, எதை ஏற்றியது என்பது. பழைய மீற்றரை நம்பவும் முடியாது; சரக்கைப் பற்றி ஊரே சொல்லும்.

சோதனைக்கு வேண்டியது ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு திருப்புளியும். விற்பவரிடம் சொல்லிவிட்டு, சேசியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். தடித்த தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு ஒலியை விழுங்கி மொத்தென்று சொல்லும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து அடுக்கடுக்காகப் பிரிகிறது. அந்த அடுக்குகளுக்கிடையில் அதிர்வு அடங்கிவிடுகிறது. ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம், டிரான்ஸ்ஃபர் பெட்டியைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றில் இரண்டு முறை தட்டுங்கள். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியால் அழுத்துங்கள். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். பாதுகாக்கப் பூசியவர் எப்போது பூசினார், முன் எப்படி இருந்தது என்று படம் காட்டுவார். மறைக்கப் பூசியவர் தாரின் தரத்தைப் பற்றிப் பேசுவார்.

ஓர் இடத்தில் ஓட்டை இருந்தால் வெட்டி ஒட்டலாம். ஸ்பிரிங் தாங்கிகள் இருக்குமிடமெல்லாம் மெலிந்திருந்தால் எழுந்து, கையைத் துடைத்து, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். விலை பாதியானாலும் சரி. மெலிந்த தகட்டில் புதுத் தகட்டை ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி பிளக்கும். சேசியை முழுதாக மாற்றுவது நம் நாட்டில் பணம் மட்டுமல்ல, பத்திரச் சிக்கலும்கூட. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எஞ்சினைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவதால் நான் குறைவாகப் பேசுகிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை இருபது மடங்கு சுருக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. 27 பாகைக் காற்றை அப்படிச் சுருக்கினால் ஏட்டுக் கணக்கில் 700 பாகைக்கு மேல் போகும்; குளிர்ந்த சுவர்கள் வெப்பத்தைக் குடிப்பதால் நடப்பில் அதைவிடக் குறைவு. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவி அந்தச் சூடும் வராது. எஞ்சின் சூடாக இருக்கும்போது தேய்மானம் தெரியாது. விடியற்காலைக் குளிரில் தெரிந்துவிடும். ஆகவே விற்பவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போய், முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் உங்களுக்கு முன்பே எழுந்திருக்கிறார். கறுப்புப் புகையென்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு, பம்ப்பும் நோசலும் பார்க்கிற கடையில் தீரும். நீலப் புகை ஒயில் எரிகிறது என்பதற்கு அடையாளம், பெரிய வேலை. வெள்ளைப் புகை தொடங்கும்போது வந்து சில நிமிடத்தில் நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகியுங்கள். ஒயில் மூடியைக் கழற்றி அடியில் பால் தேத்தண்ணி நிறத்தில் கசடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இவை எல்லாமே தலைவலிதான். ஆனால் எஞ்சினைக் கழற்றி இறக்கலாம், திருத்தலாம், வேறொன்றை ஏற்றலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத பழைய பாகம் குறைவு. நீலப் புகை விடுகிற, சேசி கணீரென்று ஒலிக்கிற ஜீப்பையும், எஞ்சின் பூப்போல ஓடுகிற, சேசி மொத்தென்று சொல்கிற ஜீப்பையும் ஒரே விலைக்குத் தந்தால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

வெள்ளம் கண்ட வண்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரி மாவட்டத்தில் வந்த வெள்ளங்களை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டிலும் கலவானை கடுமையாக அடிபட்டது. மனித இழப்புகளுக்கு முன் வாகனங்கள் பெரிய விஷயமல்ல. ஆனால் நீரில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டுப் பிறகு ஏதோ ஒரு ஊரில் விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன. வெள்ளம் வராமலேயே, ஆற்றைக் கடந்து கடந்து உள்ளே நீர் வாங்கிய ஜீப்புகளும் உண்டு. நீர் உள்ளே நுழையும் வழி சுவாரசியமானது. ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டிக்குள் காற்று 70 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் அது 25 பாகைக்கு இறங்குகிறது. மூடிய பெட்டிக்குள் அழுத்தம் நூற்றுக்கு 13 பங்கு குறையும். அச்சின் மேல் உள்ள சிறு மூச்சுத்துளை திறந்திருந்தால் காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும். சேறு அடைத்திருந்தாலோ, துளையே நீருக்குள் மூழ்கியிருந்தாலோ, அச்சு ஆற்று நீரை உள்ளே உறிஞ்சும்; அடைத்த துளையென்றால் ஒயில் சீலைத் தாண்டி. ஒயிலை உள்ளே வைத்திருக்கத்தான் சீல். வெளியிலிருந்து வரும் நீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டி இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. நீர் ஒயிலைவிடக் கனமானது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். காலையில் அச்சின் வடிகால் ஆணியைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது எது என்று பார்த்துவிடலாம். ஒயில் மட்டும் வந்தால் இறுக்கிவிடுங்கள். நீர் வந்தால் பேரிங்குகள் எத்தனை நாளாக அதில் ஊறின என்ற கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்காது. இதைச் செய்ய அனுமதிக்காத விற்பவரும் ஒரு வகையில் பதில் சொல்லிவிட்டார்.

இப்படிச் சோதனைகளை அடுக்கும்போது ஒன்று புரியும்: தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே "பரவாயில்லை". ஆனால் ஜீப் ஓட வேண்டுமானால் எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். கிளட்ச், பம்ப், ரேடியேட்டர், அச்சு என்று பத்து முக்கிய உறுப்புகள் ஒவ்வொன்றும் அடுத்த ஒரு வருடம் தாங்குவதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், பத்தும் தாங்குவதற்கான வாய்ப்பு 95 அல்ல. பத்து முறை பெருக்கினால் 60. பறக்கும் குண்டுகளில் வேலை செய்த ஜெர்மானியப் பொறியியலாளர் ரொபர்ட் லுஸர் வலியுறுத்திய கணக்கு இது. ஆக நல்ல நிலையிலுள்ள பழைய ஜீப்பும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கராஜில் படுப்பது இயல்பு. தினமும் பயணிகளை ஏற்றிப் பிழைப்பு நடத்த வேண்டியவர் இதை மனதில் வைக்க வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி உள்ளவருக்கும் ஒரே வண்டியை நம்பியிருப்பவருக்கும் ஒரே ஜீப் ஒரே விலை பெறாது.

விலைக்கணக்கை ஒரு பேச்சுக்கு இப்படிப் போடலாம். நல்ல நிலையில் முப்பது இலட்சம் பெறும் ஜீப், வேலை இருப்பதால் இருபதுக்கு வருகிறது. தெரிந்த வேலைகளுக்கு நாலு இலட்சம். ஆறு இலட்சம் மிச்சம் என்று மனம் உடனே சொல்லும். தெரியாத வேலைக்கும் ஓர் எண் வைக்க வேண்டும்: பன்னிரண்டு இலட்சம் விழுங்கும் பெரிய கோளாறு ஒன்று மறைந்திருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு என்றால் அதன் கனம் நாலு இலட்சம். மிச்சம் ஆறல்ல, இரண்டு. அதையும் கராஜில் கழியும் மாதங்கள் தின்றுவிடும். ஆனால் சுத்தியலும் திருப்புளியும் வடிகால் ஆணியும் சேர்ந்து அந்த மூன்றில் ஒன்றைப் பத்தில் ஒன்றாக்கினால் மிச்சம் ஐந்தை நெருங்குகிறது. நம்பிக்கையான பாஸ் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது செலவில்லை என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிய கட்டுரை ஒன்று பழைய கார்ச் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்தது. விற்பவருக்கு வண்டி தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார். சந்தையில் மோசமானவை மிஞ்சும். அற்பமான விஷயம் என்று சஞ்சிகைகள் சில திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்கான ஆய்வு 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. கலவானை போன்ற ஊரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று உண்டு. உள்ளூரில் ஓடிய ஜீப்பைப் பற்றி கொழுந்து லொறிச் சாரதிக்குத் தெரியும், டயர்க் கடைக்காரருக்குத் தெரியும், வெல்டிங் பண்ணியவருக்கு நிச்சயம் தெரியும். "அண்ணே, அந்தப் பச்ச ஜீப்புக்கு அடியில வேல ஏதும் செஞ்சீங்களா?" என்று கேட்டால் அவர் சிரிக்கும் விதமே போதும். வெளியூரில் பளபளவென்று நிற்கும் ஜீப்பைவிட, நாலு பேர் குறை சொல்லும் உள்ளூர் ஜீப்பை நான் நம்புவதற்கு இதுதான் காரணம். அதன் குறைகள் பெயர் தெரிந்த குறைகள்.

மீதி, பத்திரங்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளராக இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எஞ்சின் மாற்றப்பட்ட ஜீப்புகள் நம்மிடம் நிறைய. மாற்றியது தவறில்லை, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட திறந்த பத்திரத்தோடு நாலு கை மாறி வந்த வண்டியில் முதல் உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது எஞ்சின் வேலையைவிடக் கடினம். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருட லைசன் கிடைக்காது என்பதால் கறுப்புப் புகை வண்டிக்கு அந்தச் செலவையும் விலையில் சேருங்கள்.

சேசி எண்ணைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். சீரீஸ் 3 லேண்ட் ரோவரில் அது வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியில் பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறு படுவதும் அங்கேதான். துரு அந்த எண்ணைத் தின்றிருந்தால், அல்லது அந்த இடத்தில் புதுத் தகடு ஒட்டியிருந்தால், புத்தகத்திலுள்ள வண்டியும் நீங்கள் பார்க்கும் வண்டியும் ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். பத்திரங்களை வாங்கிப் புரட்டும் முன் கம்பித் தூரிகையால் சேற்றைத் துடைத்து எண்ணை வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். வாசிக்க முடியவில்லையென்றால் சுத்தியலை வெளியே எடுக்கவே தேவையில்லை.